மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சந்திக்கும் இடம்

உடைந்தோ சிதைந்தோ போன பல்லை மூடிக் காக்கும் பல் உறையும், விழுந்த பல்லின் வெற்றிடத்தை அதன் இருமருங்கிலும் நிற்கும் பற்களைத் தாங்குதூண்களாகக் கொண்டு நிரப்பும் பல் பாலமும் எவ்வளவு உயர்ந்த பொருளால், எவ்வளவு கைத்திறனோடு செய்யப்பட்டிருந்தாலும், எதிர்த் தாடையிலுள்ள பற்களை உரிய இடத்தில், உரிய உயரத்தில் சந்திக்காவிட்டால் அவற்றால் பயனில்லை. மக்கள் கிரவுன் என்றும் பிரிட்ஜ் என்றும் அழைக்கும் இவ்விரண்டும் நோயாளியின் வாய்க்குள் செய்யப்படுவதில்லை. வைத்தியர் எடுத்தனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, நோயாளியின் முகத்தையே காணாத ஒரு தொழில்நுட்பவியலாளர், பெரும்பாலும் வேறோர் ஊரில் உள்ள ஆய்வுகூடத்தில், அவற்றை உருவாக்குகிறார். அந்த அச்சுகளில் சாந்து வார்த்து எடுக்கும் மேல் தாடை மாதிரியையும் கீழ்த் தாடை மாதிரியையும் எந்த நிலையில் ஒன்றோடொன்று சேர்த்து வைக்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லும் சான்றே கடிப் பதிவு எனப்படுகிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தச் சிறு வேலையே பல மணி நேர உழைப்பு பலிக்குமா வீணாகுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

சிவனொளிபாதமலையின் அடிவாரத்திலுள்ள நல்லதண்ணி போன்ற மலையக ஊர்களில் இந்த வேலையின் செம்மைக்கு இன்னொரு பொருளும் உண்டு. அங்கிருந்து மஸ்கெலியா, நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டனுக்குச் சென்று, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை ஊடாகப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையை அடைய வேண்டிய ஒரு தோட்டத் தொழிலாளிக்கு, ஒவ்வொரு வைத்தியசாலைப் பயணமும் ஒரு நாள் பேர், அதாவது அந்த நாளின் வேலைப் பதிவும் கூலியும், போவதற்குச் சமம். பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாயாகவும் 2024 இல் 1350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது என்பதை நினைவிற்கொண்டால், பொருந்தாத ஓர் உறையைத் திருத்துவதற்காக மீண்டும் இரண்டு முறை அலைவது ஒரு குடும்பத்தின் வரவில் எவ்வளவு பெரிய ஓட்டையை உண்டாக்கும் என்பது விளங்கும்.

மலையகத்துப் பற்களும் ஒரு நீண்ட ஆய்வும்

உலகப் பல் வைத்திய நூல்களில் மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு நிலையான ஓர் இடம் இருக்கிறது என்பதை அந்த மக்களில் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. நோர்வேயில் பிறந்த ஹரல்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், எந்தச் சிகிச்சையும் தடுப்பு முறையும் எட்டாத மக்களிடம் ஈறு நோய் இயல்பாக எவ்வாறு வளர்கிறது என்பதை அறியும் நோக்கோடு, 1970 இல் பூண்டுலோயாப் பகுதியின் டன்சினன், ஹெரோ ஆகிய தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளரின் வாய்களைப் பரிசோதிக்கத் தொடங்கி, 1985 வரை அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். 1986 இல் வெளியான முடிவுகளின்படி, அவர்களுள் ஏறக்குறைய 8 சதவீதத்தினரிடம் ஈறு நோய் மிக விரைவாகப் பரவியது. 81 சதவீதத்தினரிடம் நடுத்தர வேகத்தில் வளர்ந்தது. 11 சதவீதத்தினரிடம் ஈறு வீக்கத்துக்கு அப்பால் அது முன்னேறவே இல்லை. விரைவாகப் பரவிய பிரிவினர் 35 வயதளவில் சராசரியாக 12 பற்களையும், 40 வயதளவில் 20 பற்களையும் இழந்து, 45 வயதில் பல்லே இல்லாதவர்களாயினர்; நடுத்தரப் பிரிவினரும் 45 வயதுக்குள் 7 பற்களை இழந்திருந்தனர்.

ஈறு நோயின் போக்கு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை உலகுக்கு உணர்த்திய ஆய்வாக இது போற்றப்படுகிறது. ஆனால் பல் உறை, பல் பாலம் என்னும் பொருளோடு சேர்த்து நோக்கும்போது, அந்த எண்களில் வேறொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. ஒரு பல் விழுந்தால் அதன் இடம் மட்டும் வெறுமையாவதில்லை. பக்கத்துப் பற்கள் அந்த வெற்றிடத்தை நோக்கிச் சாய்கின்றன, எதிர்த் தாடையிலுள்ள பல் தாங்குவார் இல்லாமல் மெல்ல மெல்ல நீண்டு இறங்குகிறது அல்லது எழுகிறது, நாளடைவில் வாய் முழுவதும் பற்கள் சந்திக்கும் ஒழுங்கு குலைகிறது. இத்துடன் வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் பல ஆண்டுகள் இடைவிடாது மெல்லும் பழக்கம் சேரும்போது, கடைவாய்ப் பற்களின் மேடு பள்ளங்கள் தேய்ந்து தட்டையாகி, மேல் பல் கீழ்ப் பல்லில் பூட்டிக்கொள்ளும் அடையாளங்களும் மறைந்துவிடுகின்றன. இத்தகைய வாய்களில் கடிப் பதிவை எடுப்பது முழுப் பல்வரிசையும் உள்ள இளைஞர் ஒருவரின் வாயில் எடுப்பதைவிடப் பன்மடங்கு கடினமானது.

இரண்டு நிலைகள்

மனிதன் தன் வாயை மூடிப் பற்களை இறுக்கும்போது, மேல் பற்களும் கீழ்ப் பற்களும் மிக அதிகமான இடங்களில் ஒன்றையொன்று தொட்டுப் பூட்டிக்கொள்ளும் நிலை ஒன்று உண்டு. இதை முழுக்கடி நிலை எனலாம்; இது பற்களின் வடிவத்தால் நிர்ணயிக்கப்படுவது. இதற்கு வேறாக, காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டில் கீழ்த் தாடையின் முனைகள் தம் குழிகளுக்குள் சரியாக அமர்ந்து, பற்களின் குறுக்கீடு இன்றித் தாடை ஒரே அச்சில் சுழலக்கூடிய நிலை ஒன்றும் உண்டு. இதை மூட்டு நிலை எனலாம். இது பற்களே இல்லாதவருக்கும் இருக்கும். தாடையின் அசைவெல்லைகளை அளந்து 1952 இல் விரிவான ஆய்வை வெளியிட்ட உல்ஃப் பொசெல்ட், பத்தில் ஒன்பது பேரளவில் இந்த இரண்டு நிலைகளும் ஒன்றாக அமைவதில்லை என்றும், இரண்டுக்குமிடையே ஒரு மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும் சறுக்கம் இருக்கிறது என்றும் காட்டினார். அந்த வேறுபாடு நோயன்று. பெரும்பாலான மனிதர்கள் அதோடு நலமாகவே வாழ்கின்றனர்.

ஆகவே கடிப் பதிவைத் தொடங்குமுன் வைத்தியர் விடைகாண வேண்டிய முதற் கேள்வி, எந்த நிலையைப் பதிவது என்பதே. ஒன்றிரண்டு பற்களுக்கு மட்டும் உறை போடும்போது, மற்றப் பற்கள் எல்லாம் உறுதியாக ஒன்றையொன்று தாங்கி நிற்குமாயின், ஏற்கனவே உள்ள முழுக்கடி நிலைக்கு இசையப் புதிய உறையைச் செய்வதே பொருத்தமானது. பின்பற்கள் பலவும் விழுந்து தாங்குநிலை குலைந்துவிட்டபோதோ, வாய் முழுவதையும் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டியபோதோ, நம்பத் தகுந்த முழுக்கடி நிலை என்ற ஒன்று எஞ்சியிராது. அப்போது மூட்டு நிலையையே ஆதாரமாகக் கொள்ள வேண்டியிருக்கும். இந்தத் தெளிவில்லாமல் எடுக்கப்படும் பதிவு, எவ்வளவு விலையுயர்ந்த பொருளால் எடுக்கப்பட்டாலும், தவறான கேள்விக்குரிய சரியான விடையாகவே முடியும்.

மைக்ரோன் அளவில் ஒரு கணக்கு

ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோன் ஆகும். இயற்கைப் பற்கள் தமக்கிடையே அகப்படும் ஏறக்குறைய 20 மைக்ரோன் தடிப்பையே உணரக்கூடியவை. ஒரு தலைமுடியின் தடிப்போ பெரும்பாலும் 60 மைக்ரோனுக்குக் குறையாது. பல்லின் வேரையும் தாடை எலும்பையும் இணைக்கும் நார்ப்படலத்தில் உள்ள நரம்பு முனைகளே இந்த நுண்ணுணர்வைத் தருகின்றன. அதனால், தலைமுடியின் தடிப்பளவே உயர்ந்துவிட்ட ஓர் உறைகூட நோயாளிக்கு வாயில் கல் அகப்பட்டதைப் போலத் தோன்றும்.

உயரம் மிகுந்த உறை ஒவ்வொரு முறை வாய் மூடும்போதும் மற்றப் பற்களுக்கு முன்னதாகச் சுமையை ஏற்கிறது. சில நாட்களில் அந்தப் பல் கடிக்கும்போது வலிக்கத் தொடங்கும். குளிர்ந்த நீர் பட்டால் கூசும். உறையின் பீங்கான் விளிம்பு உடையலாம். ஈறு நோயால் ஏற்கனவே தாங்கும் எலும்பு குறைந்துபோன வாயில் அந்தப் பல் ஆடவும் தொடங்கலாம். பூண்டுலோயாவில் அளக்கப்பட்டது போன்று ஈறு நோய் முதிர்ந்த வாய்களில் இந்த ஆபத்து அற்பமானதன்று. மாறாக, உறை குட்டையாக அமைந்து எதிர்ப்பல்லைத் தொடாமலே நின்றால் உடனடியாக வலி இராது என்றாலும், எதிர்ப்பல் அந்த வெற்றிடத்தை நோக்கி மெல்ல நகர்ந்து பழைய கோளாறுகளுக்கே வழிவகுக்கும். மேலும், தாடை மூட்டை அச்சாகக் கொண்டு வாய் மூடுவதால், பின்பல்லில் ஏற்படும் சிறு உயரப் பிழை முன்பற்களுக்கிடையே இரண்டு மூன்று மடங்கு இடைவெளியாக விரிந்து தெரியும். ஆய்வுகூடத்தில் மாதிரிகளைப் பொருத்தும் தொழில்நுட்பவியலாளர் பிழையை முதலில் கண்டுகொள்வதும் இந்த முன்பல் இடைவெளியைக் கொண்டே.

குறைவாக வைப்பதே நிறைவான பதிவு

பதிவுப் பொருள் எவ்வளவு அதிகமாக வைக்கப்படுகிறதோ அவ்வளவு பாதுகாப்பு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. முழுப் பல்வரிசையின் மேலும் தடித்த மெழுகுத் தகட்டை வைத்து நோயாளியைக் கடிக்கச் சொன்னால், மெழுகின் எதிர்ப்பால் தாடை சற்று விலகிப்போகும். குளிரும்போது மெழுகு சுருங்கும். வெயிலேறிய வண்டியில் ஆய்வுகூடத்துக்குப் போகும்போது வளைந்தும் போகும். கடைசியில் சாந்து மாதிரிகள் இரண்டும் பற்களால் அல்லாமல் மெழுகால் பிரிக்கப்பட்டு நிற்கும்.

மற்றப் பற்கள் உறுதியாகச் சந்திக்கும் வாயில், குறிப்பாக உறைபோடும் பல்லுக்குப் பின்னாலும் முன்னாலும் எதிர்ப்பற்களோடு தொடுகை எஞ்சியிருந்தால், உறையைத் தாங்குவதற்காகச் செதுக்கிய பல்லுக்கும் எதிர்ப்பல்லுக்கும் இடையேயான வெற்றிடத்தில் மட்டும் விரைவாக இறுகும் சிலிக்கோன் பசையை வைத்து, நோயாளியை நிமிர்ந்து அமரச் செய்து, வழக்கம்போல் பற்களை இறுக்கச் சொன்னாலே போதுமானது. பசை இறுகியபின் அதைக் கூரிய கத்தியால் சீவி, பற்களின் மேட்டு நுனிகள் பதிந்த குழிகளைத் தவிர ஈறு பதிந்த விளிம்புகளையும் ஆழ்ந்த பள்ளங்களின் பதிவையும் அகற்றிவிட வேண்டும். ஏனெனில் சாந்து மாதிரியில் ஈறு வாயிலுள்ள ஈறு போல மென்மையாக விட்டுக்கொடுக்காது, அதில் பட்டுத் தூக்கப்படும் பதிவு மாதிரிகளை மேலே உயர்த்திவிடும். பல் வரிசை முழுமையாக இருந்து மாதிரிகள் கையால் சேர்க்கும்போதே தடுமாற்றமின்றிப் பூட்டிக்கொள்ளுமாயின், எந்தப் பதிவும் இல்லாமல் கையால் சேர்ப்பதே மிகத் துல்லியமான வழியாகும்.

இவ்விடத்தில் வைத்தியருக்கு உற்ற துணையாவது ஏறக்குறைய 8 மைக்ரோன் தடிப்புள்ள மெல்லிய உலோகப் பூச்சுத் தாள் ஒன்றே. பல்லைச் செதுக்குவதற்கு முன்பே, மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவதற்கும் முன்பே, நோயாளியின் பற்களுக்கிடையே அந்தத் தாளை ஒவ்வோர் இடமாக வைத்து, வாயை மூடச் செய்து இழுத்துப் பார்க்க வேண்டும். தாள் வராமல் பிடிபடும் இடங்கள் உண்மையான தொடுகை இடங்கள். வழுக்கி வெளிவரும் இடங்கள் தொடாத இடங்கள். அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, மாதிரிகள் தாடை இயக்கி எனப்படும் கருவியில் பொருத்தப்பட்ட பின்னர் அதே தாளை அதே இடங்களில் இழுத்துப் பார்த்தால், வாயில் பிடித்த இடத்தில் மாதிரியிலும் பிடிக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே உறையின் வேலையைத் தொடங்கலாம். இந்த எளிய ஒப்பீடு தவறிய மாதிரிகளின் மேல் செய்யப்படும் உறை வாயில் பொருந்தினால் அது தற்செயலே.

கடைக்கோடியிலுள்ள பல்லே செதுக்கப்படும்போது நிலைமை மாறுகிறது. அந்தப் பல்லுக்குப் பின்னால் தாங்குவதற்கு வேறு பல் இல்லாததால், செதுக்கிய கணத்திலேயே தாடையின் அந்தப் பக்கம் நிறுத்துமிடத்தை இழந்து, நோயாளி இறுக்கும்போது சற்று மேலே எழுந்துவிடுகிறது. நீண்ட பாலங்களிலும் இதே இடர் எழும். அதனால் பல பற்களைச் செதுக்க வேண்டியபோது, அனைத்தையும் ஒரே வேளையில் செதுக்கிவிடாமல், ஒரு பக்கத்தின் தொடுகைகள் அழியுமுன் மறுபக்கத்தில் பதிவெடுப்பதும், கெட்டியான பிசினால் சிறு நிறுத்துமேடை ஒன்றைச் செய்து அதன் மேல் பதிவெடுப்பதும் அனுபவமுள்ள வைத்தியர்கள் கைக்கொள்ளும் வழிகளாகும்.

மூட்டு நிலையைப் பதிய வேண்டியபோது, பழகிய கடிக்குத் தசைகள் தாமாகவே தாடையை இழுத்துச் செல்வதைத் தடுக்க வேண்டியுள்ளது. அதற்காக முன்பற்களில் மட்டும் சிறு பிசின் மேடை ஒன்றைப் பொருத்திப் பின்பற்கள் தொடாதவாறு செய்யும் முறையை 1964 இல் விக்டர் லூசியா விவரித்தார். அந்த மேடை இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. சிறிது நேரம் பின்பற்கள் தொடாமலிருந்தால் தசைகள் தம் பழைய வழக்கத்தை மறந்து தளர்கின்றன. அப்போது தாடை முனைகள் குழிகளுக்குள் இயல்பாக அமர்கின்றன.

கருவிகளின் வளர்ச்சி

வாயின் அசைவை வாய்க்கு வெளியே திரும்பக் காட்ட மனிதர் முயன்ற வரலாறு நெடியது. பிரான்சைச் சேர்ந்த கரியோ என்பவர் 1805 இல் கீல் பூட்டிய எளிய தாடை இயக்கியை விவரித்தார் என்றும், மேல் தாடைக்கும் தாடை மூட்டுக்கும் உள்ள தொலைவை மாதிரிக்கு மாற்றித் தரும் முகவில் என்னும் கருவியை அமெரிக்கரான ஸ்னோ 1899 இல் உருவாக்கினார் என்றும் பல் வைத்திய வரலாறு கூறுகிறது. மாதிரிகள் தாடை இயக்கியின் கீலிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கின்றன என்பது வாயில் மூட்டுக்கும் பற்களுக்கும் உள்ள தொலைவோடு ஒத்திருந்தால்தான், பதிவுப் பொருளை அகற்றிய பிறகு மாதிரிகள் மூடும் பாதையும் வாய் மூடும் பாதையும் ஒன்றாகும். பதிவுப் பொருள் தடித்திருக்கத் தடித்திருக்க இந்த வேறுபாடும் பெருகும் என்பதே மெல்லிய பதிவை வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணம்.

இப்போது சிறு கமெராவை வாய்க்குள் நகர்த்திப் பற்களைப் படமெடுக்கும் ஸ்கேனர்கள் வந்துவிட்டன. கணினியின் துணையோடு பல்லுக்கான பீங்கான் நிரப்பியை உடனே செதுக்கும் முறையை வெர்னர் மோர்மான் சூரிச் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்து, 1985 இல் முதல் நோயாளிக்குப் பயன்படுத்தினார். உறைகளுக்கும் பயன்படும் இன்றைய ஸ்கேனர் முறையில் மேல், கீழ்ப் பற்களைத் தனித்தனியாகப் படமெடுத்தபின், நோயாளி பற்களை இறுக்கியிருக்கும்போது கன்னப் பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்தால் கணினி அதைக்கொண்டு இரண்டையும் சேர்த்துவிடுகிறது. மெழுகும் பசையும் தேவையில்லை, ஆய்வுகூடத்துக்குப் பொதி அனுப்பவும் வேண்டியதில்லை. நல்லதண்ணி போன்ற தொலைவான ஊர்களுக்கு இது பெரும் வாய்ப்பாகும். ஆயினும் அந்தக் கன்னப் படம் எடுக்கப்படும் கணத்தில் நோயாளி சற்றுக் கோணலாகக் கடித்திருந்தால், கணினியும் அந்தக் கோணலையே உண்மையாக எடுத்துக்கொள்ளும். நோயாளி சரியான இடத்தில் கடிக்கிறாரா என்பதைக் கண்டறியும் பொறுப்பு கருவியைச் சார்ந்ததன்று, வைத்தியரைச் சார்ந்தது.

தொலைவில் இருப்பவருக்கான நியாயம்

பொருத்தும் நாளில் வைத்தியர் நிறத்தாளைக் கடிக்கச் செய்து, படியும் புள்ளிகளைக் கண்டு, உயர்ந்த இடங்களை மெல்ல அரைத்துச் சரிசெய்கிறார். ஓரிரு சிறு திருத்தங்கள் எல்லா உறைகளுக்கும் தேவைப்படலாம். ஆனால் கடிப் பதிவு தவறியிருந்தால் அரைத்தல் நீண்டுகொண்டே போகும். பீங்கானின் பளபளப்புப் பூச்சு அழியும். மீண்டும் மெருகூட்டாமல் விட்டால் சொரசொரப்பான மேற்பரப்பு எதிர்ப்பல்லின் எனாமலை அரைத்துத் தின்னும். கடைசியில் உறை மெலிந்து ஓட்டையாகிவிட்டால், அதைக் கழற்றி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நகரத்தில் வசிப்பவருக்கு அது ஒரு மாலை நேர எரிச்சல். நல்லதண்ணியிலிருந்து வருபவருக்கோ பேரிழந்த நாட்களின் தொகை.

இதனால்தான் தொலைவிலிருந்து வரும் ஏழைக்கு எளிய பதிவே போதும் என்ற மனப்பான்மை தவறானது. திரும்பி வர இயலாதவருக்கே முதற்தடவையிலேயே சரியாக அமையும் வேலை மிகவும் தேவை. ஊசி போடுமுன் தொடுகைகளைக் குறித்தல், பதிவைச் சீவுதல், மாதிரிகளைத் தாளால் சரிபார்த்தல் ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் பத்து நிமிடங்களும் செலவாவதில்லை, புதிய கருவி எதுவும் தேவைப்படுவதுமில்லை. மலையக வைத்தியசாலைகளில் பணியாற்றும் பல் வைத்தியர்கள் இந்த மூன்றையும் விலக்கில்லாத வழக்கமாக்கிக்கொள்வதும், அவற்றின் குறிப்பை ஆய்வுகூடத்துக்கு எழுதியனுப்புவதும் மிகவும் அவசியம்.

நோயாளிக்கும் இதில் பங்கு உண்டு. வாய் மரத்திருக்கும்போது கடி சரியாக இருக்கிறதா என்பதை எவராலும் நம்பத் தகுந்தவாறு சொல்ல முடியாது. ஆகவே பொருத்தும் நாளில் இயன்றவரை ஊசி போடாமல் சரிபார்க்கும்படி வைத்தியரைக் கேட்பது நோயாளியின் உரிமை. பல் உயரமாகத் தோன்றினால், பெரியவர்களிடம் குறை சொல்வது மரியாதையன்று என்று எண்ணிப் பேசாமல் எழுந்து வந்துவிடாமல், நிமிர்ந்து அமர்ந்து இரு பக்கமும் கடித்துப் பார்த்து, எந்த இடத்தில் முதலில் படுகிறது என்பதை அங்கேயே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பழகினால் சரியாகிவிடும் என்று வைத்தியர் சொன்னாலும், ஓரிரு நாட்களுக்குள் வலியோ உயரமோ தணியாவிட்டால் தாமதியாமல் திரும்பிச் செல்வதே பல்லைக் காக்கும் வழி.